மெழுகுக் கட்டியும் பத்து நாள் காத்திருப்பும்

எமது அயலில் வசிக்கும் பெரியவர் ஒருவரின் கழுத்தில், சென்ற மாரிகாலத்தில், புளியங்கொட்டையளவான ஒரு கட்டி தோன்றியது. உணவகச் சமையலறைகளில் முப்பது ஆண்டுகளுக்குக் கிட்ட உழைத்து ஓய்வு பெற்றவர் அவர். நோவு இல்லாதபடியால் அதனைப் பொருட்படுத்தவில்லை. இரண்டு மாதத்தில் கட்டி பாக்களவாகியது. இரவில் உடல் வியர்த்தது. காற்சட்டை இடுப்பில் நிற்க மறுத்தது. குடும்ப வைத்தியர் அவரைப் பெரிய வைத்தியசாலைக்கு அனுப்பினார். படம்பிடித்துப் பார்த்த வைத்தியரோ, படத்தை வைத்து இது இன்ன நோயென்று கூறமுடியாது, கட்டியை எடுத்து ஆய்வுகூடத்துக்கு அனுப்பவேண்டும் என்றார். பெரியவர் மறுத்துவிட்டார்.

"மாஸ்ரர், உதில கத்தி பட்டா உடம்பெல்லாம் பரவிப்போகும். ஊரில எத்தினை பேரை நான் பாத்தனான்!"

நான் கலைப்பட்டதாரி. ஊரில் வரலாறும் தமிழும் படிப்பித்தவன். மருத்துவம் எனக்குத் தெரியாது. ஆயினும் இந்த வாதத்தை எமது குடும்பங்களில் பலமுறை கேட்டிருக்கின்றேன், வாசகர்களும் கேட்டிருப்பீர்கள். அவர் ஊரில் கண்டது பொய்யன்று. கட்டி முற்றி, வேறு வழியின்றிப் போன பின்னரே எம்மவர் கத்திக்குக் கழுத்தைக் கொடுத்தனர். சத்திரசிகிச்சை முடிந்து மூன்றாம் மாதம் இறந்தவரைக் கண்டவர்கள், பிந்திப் போனதை மறந்து கத்தியை நினைவில் வைத்துக்கொண்டனர். சில உறுப்புகளில் ஊசி குத்தி எடுப்பதை வைத்தியர்களே தவிர்ப்பதுண்டு. எங்கே தவிர்ப்பது என்பதை அவர்கள் கற்றிருக்கின்றனர். கழுத்துக் கட்டியை எடுத்துப் பார்ப்பதை அந்தக் கணக்கில் சேர்க்க முடியாது.

மகள்மார் இருவரும் அழுத பின்னர் பெரியவர் இணங்கினார். கட்டி எடுக்கப்பட்டது. ஒரு கிழமையில் முடிவு தெரியும் என்றனர். ஏழாம் நாள் வைத்தியசாலையிலிருந்து வந்த தொலைபேசி அழைப்பு, "அதே கட்டியிலிருந்து மேலும் சில வெட்டுகள் எடுக்கப்படுகின்றன, இன்னும் மூன்று நாள் பொறுக்கவும்" என்றது. அந்த வீட்டில் அன்று உலை ஏறவில்லை. 'வருத்தம் முற்றிவிட்டது, டொக்டர்மார் மறைக்கினம்' என்று கனடாவிலிருந்து மைத்துனர் தொலைபேசியில் தீர்ப்பளித்தார். பெரியவர் தமது காப்புறுதிப் பத்திரங்களை எடுத்து மேசையில் அடுக்கத் தொடங்கினார்.

அந்த மூன்று நாட்களில் அங்கே உண்மையில் என்ன நடந்துகொண்டிருந்தது? அதை அறிய வேண்டுமென்ற எண்ணத்துடன், நோயியல் ஆய்வுகூடமொன்றில் பணிபுரியும் எமது சமூகத்துப் பெண்ணொருவரிடம் சென்றேன். இங்கே பிறந்து, மருத்துவப் பகுப்பாய்வுத் தொழிலை மூன்று ஆண்டுகள் உயர்தொழிற்கல்லூரியில் பயின்றவர். "டொக்டராகேல்லையோ?" என்று இன்றும் உறவினர் அவரைக் கேட்கின்றனராம். அவரது ஆய்வுகூடத்தில் பொதுமக்கள் பார்வையிடும் நாளொன்று அண்மித்திருந்தமை எனது நற்பேறு.

சதைத்துண்டு உடலிலிருந்து பிரிந்த கணத்திலேயே தன்னைத் தானே சீரணிக்கத் தொடங்கிவிடுமாம். ஆகையால் அதனை உடனே போமலின் கரைசலில் இடுகின்றனர். போமலின் இழையத்தை அப்படியே 'உறையவைத்து' நிறுத்துகின்றது. 1893இல் பிராங்பேர்ட் நகரத்து மருத்துவர் பேர்டினண்ட் புளூம் கண்டறிந்த இம்முறை இன்றும் மாறவில்லை. அந்தக் கரைசல் இழையத்தினுள் மணித்தியாலத்துக்கு ஒரு மில்லிமீற்றர் அளவிலேயே ஊறும். அவசரப்படுத்த முடியாது. முதல் நாள் இதிலேயே கழிகின்றது.

அடுத்து, சில மில்லிமீற்றர் தடிப்பான துண்டுகளாக அதனை நறுக்கி, இலக்கமிட்ட சிறு பிளாஸ்ரிக் கூட்டில் அடைக்கின்றனர். இரவு முழுவதும் பொறியொன்று அந்தக் கூடுகளை அற்ககோலின் படிகளினூடாகக் கொண்டுசெல்கின்றது: முதலில் தண்ணீர் கலந்தது, பின்னர் செறிவு கூடியது, இறுதியில் தூய அற்ககோல். இழையத்திலுள்ள நீர் வெளியேறுகின்றது. அற்ககோலை அகற்ற சைலீன் போன்றதொரு கரைப்பான். கடைசியாக, ஏறத்தாழ 60 பாகை செல்சியசில் உருகிய பரபின் மெழுகு, நீர் இருந்த இடமெல்லாம் புகுந்துகொள்கின்றது. காலையில் அத்துண்டு மெழுகினுள் மெழுகாகி இருக்கும். மெழுகில் இழையத்தைப் பதிக்கும் வழக்கத்தின் தொடக்கத்தோடு சேர்த்துச் சொல்லப்படும் பெயர் எட்வின் கிளெப்ஸ். அவர் அதனைச் செய்ததாகக் கூறப்படும் 1869இல், எமது பேர்ண் நகரப் பல்கலைக்கழகத்தில்தான் நோயியல் பேராசிரியராக இருந்தார்.

கட்டியை வார்க்கும்போது எந்தப் பக்கம் கீழே இருக்கவேண்டும் என்பதைத் தீர்மானிப்பது கைதான், பொறியன்று. தோலாயின் விளிம்பில் நிறுத்தவேண்டும். படுக்கவைத்தால் மேற்றோல் மட்டும் தெரியும், கீழுள்ளது தெரியாது. புற்று எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கின்றது என்ற கேள்விக்கு, இழையத்தைப் பிழையாகப் படுக்கவைத்தவரிடமிருந்து விடை கிடையாது.

பின்னர் வெட்டு. அந்தப் பெண் நுண்வெட்டி எனும் பொறியின் முன் அமர்ந்தார். குளிரவைத்த மெழுகுக் கட்டி ஒரு பிடியில் பூட்டப்பட்டிருக்கின்றது. வலக்கையால் சில்லைச் சுழற்றினால் கட்டி மேலும் கீழும் சென்று அலகில் உரசுகின்றது. ஒவ்வொரு சுற்றுக்கும் மூன்று அல்லது நான்கு மைக்குரோமீற்றர் முன்னே நகர்கின்றது. ஒரு மில்லிமீற்றரின் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்குரோமீற்றர். வாசகர்கள் கையிலுள்ள பத்திரிகைத் தாளைத் தடவிப் பாருங்கள். அதன் தடிப்பில் ஏறத்தாழ இருபதில் ஒரு பங்கு என வைத்துக்கொள்ளலாம். இத்தனை மெல்லியதாக வெட்டுவதன் காரணம் எளிது. கலங்கள் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிக் கிடந்தால் ஒளி ஊடுருவாது. ஒன்றின் கரு மற்றதன் கருவோடு கலந்து தெரியும். ஒற்றைக் கலத்தின் தடிப்பிலும் குறைவாக வெட்டினால்தான் கருவின் உருவம் கெட்டிருக்கின்றதா என்று பார்க்க இயலும்.

வெட்டுகள் அலகிலிருந்து தனித்தனியே விழவில்லை. ஒன்றன் விளிம்பில் மற்றது ஒட்டி, நாடாவாக நீண்டு வந்தன. பனியோலைச் சார்வை நினைத்துக்கொண்டேன். அதனைத் தூரிகையால் ஏந்தி, இளஞ்சூட்டு நீர்த்தொட்டியில் மிதக்கவிட்டார். நீர் 40 முதல் 45 பாகை வரையில் இருக்கவேண்டும். கூடினால் மெழுகு உருகி இழையம் சிதறிவிடும். குறைந்தால் சுருக்கம் விரியாது. விரிந்த வெட்டை, வழுக்கியென நாம் பாடசாலையில் அழைத்த கண்ணாடித் தகட்டில் ஒரே மூச்சில் ஏந்தி எடுத்தார். ஒரு கட்டத்தில், வெட்டு நொறுங்கியபோது, கட்டியின் முகத்தில் வாயால் மெல்ல ஊதிவிட்டு மறுபடி சில்லைச் சுழற்றினார். மூச்சின் ஈரமும் சூடும் மெழுகைச் சற்று இளக்குமாம். "மெஷினுக்கு எவ்வளவு காசு குடுத்தாலும் இதை அது செய்யாது அங்கிள்" என்று சிரித்தார்.

பழுதுகளையும் அவர் எனக்குக் காட்டினார். அலகில் கண்ணுக்குத் தெரியாத ஒரு சிறு பல் விழுந்திருந்தால் வெட்டு முழுவதும் நெடுங்கோடாகக் கிழியும். கட்டியோ அலகோ இறுகப் பூட்டப்படாவிடின் ஒரு வெட்டு தடிப்பாகவும் அடுத்தது மெல்லியதாகவும் வரும். இழையம் அளவுக்கு மீறி உலர்ந்திருந்தால் அலகு துள்ளி, வெட்டின் மேல் அலையலையாகக் கோடு விழும். எலும்பாயின் அதிலுள்ள கல்சியத்தைக் கரைத்து நீக்கும்வரை அலகை வைக்கவே இயலாது. அதற்கு நாட்கள், சிலவேளை கிழமைகள் செல்லும். எலும்பிலிருந்து எடுத்தவர்களுக்கு முடிவு பிந்துவதன் காரணம் இதுவே, வேறு இரகசியமில்லை.

எனினும் அவர் அஞ்சுவது இவற்றுக்கல்ல. நீர்த்தொட்டியில் முன்னைய நோயாளியின் வெட்டிலிருந்து ஒரு துணுக்கு எஞ்சி மிதந்து, அடுத்தவரின் கண்ணாடியில் ஒட்டிக்கொள்வதற்கே. நல்ல சதையின் நடுவே வேறொருவரின் புற்று! ஆகையால் ஒவ்வொரு கட்டிக்கும் பின்னர் நீரின் மேற்பரப்பைக் கடதாசியால் துடைத்தெடுக்கின்றார். கட்டியின் இலக்கத்தையும் கண்ணாடியின் இலக்கத்தையும் ஒவ்வொரு முறையும் ஒப்பிட்டுப் பார்க்கின்றார். நான் நின்ற அரைமணி நேரத்தில் அவர் எத்தனை தடவை துடைத்தார் என்பதை எண்ணத் தொடங்கிக் கைவிட்டேன்.

இதனைப் பார்த்துக்கொண்டிருந்தபோது ஊரில் எனது வகுப்புக்கு அடுத்திருந்த விஞ்ஞான ஆய்வுகூடம் நினைவுக்கு வந்தது. மின்சாரம் இல்லாத யாழ்ப்பாணத்தில், கண்ணாடியால் வெயிலைத் திருப்பியே நுணுக்குக்காட்டியில் பார்த்தனர் பிள்ளைகள். சூரியகாந்தித் தண்டைக் கரட் துண்டின் நடுவே செருகி, சவர அலகால் வெட்டுவார்கள். இருபது வெட்டு வெட்டினால் ஒன்று தேறும். அந்த ஒன்றும் ஒரு பக்கம் தடித்து மறுபக்கம் மெலிந்திருக்கும்.

இதே இக்கட்டில்தான் ஒரு காலத்தில் ஐரோப்பாவின் பெரும் பேராசிரியர்களும் இருந்தனர். வரலாறு படிப்பித்தவனுக்கு இது விட்டுவிடக்கூடிய செய்தியன்று. ஏனெனில் அந்த இக்கட்டைத் தீர்ப்பதில் பெரும்பங்கு கொண்டவர் பாசல் நகரத்தவர். வில்லெம் ஹிஸ் 1831இல் பாசலில் பிறந்து, 1857இல், இருபத்தாறாம் வயதில், அங்கேயே உடற்கூற்றியல் பேராசிரியரானார். முட்டையினுள் கோழிக்குஞ்சு எவ்வாறு உருவெடுக்கின்றது என்பதே அவரது ஆராய்ச்சி. முளையத்தைச் சவரக்கத்தியால் கையில் வைத்து வெட்டினால் சில வெட்டுகள் கெட்டுப்போகும்; எஞ்சியவை சமதடிப்பில் இரா. இடையில் பத்துப் பக்கம் கிழிந்த புத்தகத்தைப் படிப்பதுபோன்ற நிலை. இழையத்தை முறுக்காணியால் சிறிது சிறிதாக முன்நகர்த்தி வெட்டும் நுண்வெட்டியை 1860களின் நடுப்பகுதியில் அவர் அமைத்தார். 1870இல் அதன் விளக்கத்தை வெளியிட்டார். அவருக்கு முன்னரும் வெட்டும் பொறிகள் இருந்தன. ஒரு முளையத்தைத் தலையிலிருந்து வால்வரை ஒரு வெட்டும் தவறாமல், சமதடிப்பில், வரிசையாக வெட்டிவைப்பதை ஓர் ஒழுங்கான ஆராய்ச்சி முறையாக்கியதே அவரது சாதனை. அவ்வெட்டுகளைப் பெரிதாக்கி வரைந்து, மீண்டும் முழு உருவமாகக் கட்டியெழுப்பினார். பிரைபேர்க் நகரத்துச் சீக்லர் என்பவர் அவற்றை மெழுகு உருவங்களாக வார்த்தார். 1872இல் ஹிஸ் லைப்சிக் சென்றார். அவரது மகனும் அதே பெயர் கொண்டவரே. இதயத்தின் துடிப்பு மேலறையிலிருந்து கீழறைக்குச் செல்லும் நார்க்கற்றையை 1893இல் விவரித்தவர் அந்த மகன். இதய வைத்தியர் 'ஹிஸ் கற்றை' என்று கூறக்கேட்ட வாசகர்கள் எம்மிடையே இருக்கக்கூடும்.

இன்னொரு சுவிஸ்காரரை எம்மவர் முகமறிவார்கள், பெயர்தான் அறியார்கள். நான் இந்நாட்டுக்கு வந்த தொண்ணூறுகளில், சீட்டுக் கூறும் வீடுகளில் மேசைமேல் விழுந்த ஆயிரம் பிராங்க் தாளில் தாடியுடன் இருந்த முதியவர், ஓகுஸ்த் போரெல். பின்பக்கத்தில் எறும்புகள் இருந்தமையால் எறும்பு ஆராய்ச்சியாளர் என்று மட்டும் நினைத்திருந்தேன். இளமையில் அவர் மூனிச் நகரில் பேர்ணாட் பொன் குட்டன் என்ற மனநோய் வைத்தியரிடம் பணிபுரிந்தார். பவேரிய அரசன் லுட்விக்குடன் 1886இல் ஏரியில் இறந்துகிடந்த அதே குட்டன்தான். அவருடைய பெரிய நுண்வெட்டியைக் கொண்டு முழு மனித மூளையையும் தொடர்வெட்டுகளாக வெட்டி ஆராய்ந்தவர் போரெல். நரம்புக்கலங்கள் வலைபோல் ஒன்றோடொன்று உருகி ஒட்டியவை அல்ல, தனித்தனிக் கலங்களே என்று 1886இல் ஹிஸ்ஸும், 1887இல் போரெலும் ஒருவரையொருவர் சாராது எழுதினர். இதே போரெல், 'தகுதியற்றவர்' பிள்ளை பெறலாகாது என்ற கொடிய கொள்கையையும் பரப்பினார் என்பதையும் சொல்லவேண்டும். அதனால் இன்று இந்நாட்டவர் அவரைப் பற்றிப் பெருமையோடு மட்டும் பேசுவதில்லை. 1978இல் வெளிவந்த அந்தத் தாள் 2000இல் மீளப்பெறப்பட்டது.

பெரியவரின் கட்டிக்கு வருவோம். வெட்டுகள் கண்ணாடியில் ஏறியதும் சாயமூட்டுகின்றனர். மத்திய அமெரிக்க மரமொன்றின் வைரத்திலிருந்து பெறும் ஈமற்றொக்சிலின் கருவை நீலமாக்கும்; இயோசின் மீதியை இளஞ்சிவப்பாக்கும். அதன் பின்னரே நோயியல் வைத்தியர் நுணுக்குக்காட்டியின் முன் அமர்கின்றார். கழுத்துக் கட்டியில் அவர் முன்னுள்ள பெரும் ஐயங்களில் இரண்டு: நிணநீர்க்கணுவின் புற்று, அல்லது காசம். எம்மைப் போன்று காசம் மிகுந்த நாடுகளிலிருந்து வந்தோரிடத்தில், இளமையில் உடலுள் புகுந்து உறங்கிய கிருமி முதுமையில் விழித்தெழுவதுண்டு. வெளியே பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே: கட்டி, இரவு வியர்வை, மெலிவு. மருந்தோ எதிரெதிர். காசக்காரருக்குப் புற்றுமருந்தை ஏற்றினால் உடலின் எதிர்ப்புச்சக்தி விழுந்து காசம் பரவும். ஊகத்தில் மருந்து கொடுக்க முடியாத இடம் இது.

காசம் எனில் வெட்டில் இறந்த இழையத்தைச் சூழ்ந்து கலங்கள் திரண்டிருக்கும். அவற்றிடையே பல கருக்கள் குதிரை லாடம்போல் விளிம்பில் அடுக்கிய இராட்சதக் கலங்கள் தெரியும். 1868இல் அவற்றை விவரித்த தியோடோர் லாங்ஹான்சின் பெயரே அவற்றுக்கு. கிளெப்ஸ் விட்டுச்சென்ற பேர்ண் பேராசிரியர் பதவியில் 1872 முதல் 1912 வரை இருந்தவர் அவரே. ஆயினும் இத்தகைய கலம் வேறு நோய்களிலும் தோன்றும். கிருமியையே கண்டுவிட்டால் ஐயம் தீர்ந்தது. நிணநீர்க்கணுவில் கிருமிகள் மிக அரிதாகவே கிடக்கும். ஒரு வெட்டில் இல்லாதது அடுத்த ஐம்பதாவது வெட்டில் இருக்கலாம். மூன்று மில்லிமீற்றர் தடிப்பான மெழுகுக் கட்டியில் நான்கு மைக்குரோமீற்றர் வெட்டுகள் எழுநூறுக்கு மேல் அடங்கியிருக்கின்றன என்பதைக் கணக்கிட்டுப் பாருங்கள். முதற்கண்ணாடியில் இருந்தவை அவற்றுள் ஒன்றோ இரண்டோ.

'மேலும் சில வெட்டுகள்' என்று தொலைபேசியில் கூறியதன் பொருள் அவ்வளவே. யாரோ ஒருவர் அந்தக் கட்டியை மறுபடி குளிரவைத்து, அலகை மாற்றி, ஆழமாகச் சில்லைச் சுழற்றிக்கொண்டிருந்தார். கிருமிக்கான தனிச் சாயமும் ஊட்டப்பட்டது. கட்டியின் மற்றப் பாதியை, போமலினில் இடாது, கிருமி வளர்ப்புக்கும் அனுப்பியிருந்தனர். போமலின் கிருமியைக் கொன்றுவிடும்; உயிருள்ள கிருமியல்லவா வளரும்? அந்த வளர்ப்பின் முடிவு வரப் பல கிழமைகள் செல்லும்.

பத்தாம் நாள் முடிவு வந்தது. காசம். ஆறு மாத மாத்திரை. இரண்டு மாதத்தில் காற்சட்டை மறுபடி இடுப்பில் நின்றது. எல்லோருக்கும் இவ்வாறு நல்ல சேதியாகவே வருமென்று நான் எழுதமாட்டேன். புற்று என்று வந்தாலும், எந்த வகைப் புற்று, எந்த மருந்துக்கு அடங்கும் என்பதை அதே மெழுகுக் கட்டியிலிருந்தே அறிகின்றனர்.

சத்திரசிகிச்சை மேசையில் இருக்கும்போதே அரைமணி நேரத்துள் முடிவு சொல்கின்றார்களே, எமக்கு மட்டும் ஏன் பத்து நாள் என்று கேட்பவர் உளர். அது உறையவைத்து வெட்டும் முறை. மெழுகுக்குப் பதிலாக இழையத்திலுள்ள நீரையே பனிக்கட்டியாக்கி, மறை இருபது பாகையளவான குளிர்ப்பெட்டியினுள் வெட்டுகின்றனர். விரைவானது, ஆனால் பனிக்கட்டியின் ஊசிகள் கலங்களைக் கிழித்துவிடும். விளிம்பில் புற்று எஞ்சியுள்ளதா, இன்னும் வெட்டவேண்டுமா என்று சத்திரவைத்தியருக்கு உடனடி விடை சொல்ல அது போதும். இறுதி முடிவை அப்போதும் மெழுகுக் கட்டியில் உறுதிசெய்கின்றனர்.

இனி, இப்படியொரு நிலை எமது வீட்டுக்கு வந்தால், வைத்தியரிடம் முதல் நாளிலேயே சில கேள்விகளைக் கேட்டுவிடலாம். முடிவு எந்தத் திகதிக்கு, யார் மூலம் வரும்? மேலதிக வெட்டு அல்லது சாயம் தேவைப்பட்டால் எத்தனை நாள் கூடும்? முழு அறிக்கையின் பிரதி கிடைக்குமா? முடிவைக் கேட்கச் செல்லும்போது மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்று முன்கூட்டியே கேளுங்கள். பல வைத்தியசாலைகள் ஒழுங்குசெய்து தருகின்றன. பன்னிரண்டு வயதுப் பிள்ளையைத் தாயின் புற்றுநோய்ச் செய்தியை மொழிபெயர்க்க அழைத்துச்செல்லும் வழக்கத்தை நாம் விட்டுவிடவேண்டும். முடிவில் ஐயமிருப்பின் இன்னொரு நிபுணரின் கருத்தைக் கேட்கலாம். அதற்கு உடலில் மறுபடி கத்தி படவேண்டியதில்லை; அதே கட்டியையோ கண்ணாடிகளையோ அவருக்கு அனுப்பினால் போதும். ஆய்வுகூடங்கள் மெழுகுக் கட்டிகளைப் பல ஆண்டுகளுக்குப் பேணி வைக்கின்றன.

இந்தக் கடைசிச் செய்தியைச் சொன்னபோது பெரியவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அப்ப என்ர கழுத்தில இருந்தது இன்னும் கிடக்கோ, மாஸ்ரர்?"

"கிடக்கு. மெழுகுக்குள்ள, ஒரு லாச்சிக்குள்ள."

அறிக்கையிலிருந்த ஆய்வுகூட இலக்கத்தை ஒரு துண்டில் எழுதித் தரும்படி கேட்டார். எழுதிக் கொடுத்தேன். வதிவிட அனுமதி அட்டையோடு அதனையும் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, மாத்திரை போடும் நேரமாயிற்று என்று எழுந்து போனார்.